முதுகு ஆபரேஷன் முடிந்தும் கால் எரிச்சல் ஏன் போகவில்லை?

கேள்வி: எனக்கு 46 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லர் வேலை. பத்து வருடமாக சுகர் இருக்கிறது, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். முதுகின் அடிப்பகுதியில் எல்5-எஸ்1 டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று சொல்லி, ஒன்றரை வருடத்துக்கு முன் ஆபரேஷன் செய்தார்கள். அதற்கு முன் ஏழு மாதம் மாத்திரை, பெல்ட், எண்ணெய் என்று ஓட்டினேன். ஆபரேஷன் முடிந்ததும் இடுப்பிலிருந்து இழுத்த வலி போய்விட்டது. ஆனால் இரண்டு மாதத்தில் வலது பாதத்தின் வெளி ஓரமும் சுண்டுவிரலும் எரிய ஆரம்பித்தன. மரத்தும் இருக்கிறது, எரியவும் செய்கிறது. போர்வை பட்டாலே தாங்க முடியவில்லை. திடீரென்று சுரீர் என்று கரண்ட் அடிப்பதுபோல் ஓடும். மறுபடி எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். நரம்பில் அழுத்தம் இல்லை, கொஞ்சம் தழும்பு இருக்கிறது, எல்4-எல்5-ல் லேசாகப் பிதுக்கம் இருக்கிறது என்று வந்தது. ஆபரேஷன் செய்த டாக்டர், "எல்லாம் சரியாக இருக்கிறது" என்கிறார். இன்னொரு டாக்டர், ஸ்குரூ வைத்து இரண்டாவது ஆபரேஷன் செய்யலாம் என்கிறார். நரம்பு வலிக்கு ப்ரிகாபலின் 75 மாத்திரை கொடுத்தார்கள். சாப்பிட்டால் மறுநாள் தூக்கம் தூக்கமாக வருவதால், வலி அதிகமான நாளில் மட்டும் போடுகிறேன். மற்ற நாளில் மெடிக்கலில் வாங்கும் வலி மாத்திரைதான். வீட்டில் யாரும் நம்புவதில்லை. ஆபரேஷனே தப்போ? இது என் மனப்பிரமையா? இரண்டாவது ஆபரேஷன் செய்யலாமா? மறுபடி மிஷினில் உட்கார முடியுமா? இப்படியே காலம் தள்ளுவதா என்று வெறுத்துப்போகிறது டாக்டர்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நீங்கள் சாதாரணமாக எழுதிப்போன ஒரு வரி எனக்கு மிக முக்கியமாகப் பட்டது. "மரத்தும் இருக்கிறது, எரியவும் செய்கிறது." உணர்வே குறைந்த இடத்தில் வலி எப்படி வரும் என்று கேட்டுத்தான் வீட்டில் சந்தேகப்படுகிறார்கள் என்று நினைக்கிறேன். நரம்பு காயப்பட்டதற்கு அதுதான் நல்ல அடையாளம். மரத்த இடமே எரிவது, துணி பட்டால் தாங்க முடியாமல் போவது, கரண்ட் அடிப்பதுபோல் ஓடுவது ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்து வந்தால், வலி சிகிச்சை மருத்துவர்கள் அதை நரம்பு வலி என்றுதான் எடுத்துக்கொள்வோம். யாரும் கற்பனை செய்து இந்த மூன்றையும் சரியாக எஸ்1 நரம்பு (எல்5-எஸ்1 டிஸ்க் அருகிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு) போகிற பாதையில், பாதத்தின் வெளி ஓரத்திலும் சுண்டுவிரலிலும் கொண்டுபோய் வைக்க முடியாது. உங்களுக்கு வலி இருக்கிறது. அது உண்மையான வலி. உலக சுகாதார நிறுவனம் 2022-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில், முதுகெலும்பு அறுவைக்குப் பிறகு தொடரும் நாள்பட்ட வலிக்குத் தனி இடமே உண்டு. வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள்.

என்ன நடந்திருக்கிறது என்று சொல்கிறேன். டிஸ்க் பிதுங்கி ஏழு மாதம் உங்கள் எஸ்1 நரம்பு வேரை அழுத்தியிருக்கிறது. அழுத்தம் மட்டுமல்ல, டிஸ்க்கின் உள்ளிருந்து கசிகிற பொருளும் அந்த வேரைச் சுற்றி அழற்சியை உண்டாக்கும். இவற்றால் நரம்புக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைந்து, உள்ளே இருக்கும் மெல்லிய இழைகள் சில பாதிக்கப்படும். ஆபரேஷன் அழுத்தத்தை எடுத்துவிட்டது. அதனால்தான் இடுப்பிலிருந்து இழுத்த வலி உடனே போனது. அந்த வேலையை ஆபரேஷன் சரியாகவே செய்திருக்கிறது. ஆனால் இழைகளுக்கு ஏற்கெனவே நேர்ந்த சேதத்தை எந்தக் கத்தியாலும் திருப்ப முடியாது. தவறாகத் தைத்த தையலைப் பிரித்த பிறகும் துணியில் ஊசி போன தடம் தெரியும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

இப்படிச் சேதமான இழைகள், யாரும் தூண்டாமலே தானாகச் சமிக்ஞை அனுப்பத் தொடங்குகின்றன. கரண்ட் அடிப்பதுபோல் ஓடுவது அதனால்தான். மாதக்கணக்கில் இந்தச் சமிக்ஞை வந்துகொண்டே இருந்தால் தண்டுவடத்தில் இருக்கும் செல்களும் கூர்மையாகிவிடுகின்றன. அப்புறம் சாதாரணத் தொடு உணர்வைக்கூட அவை வலி என்று மேலே அனுப்புகின்றன. போர்வை உரசினால் எரிவதற்குக் காரணம் இது. பாதத்தில் புண் இல்லை, வீக்கம் இல்லை, ஆனாலும் வலி நிஜம். ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் கழித்து எரிச்சல் தொடங்கியதும் இந்தக் கதைக்கு ஒத்துப்போகிறது. நரம்பு ஆறும் காலத்தில் இப்படித் தொடங்குவதைப் பலரிடம் பார்க்கிறோம்.

"ஆபரேஷனே தப்போ" என்று கேட்டிருக்கிறீர்கள். எஸ்1 நரம்பு அழுத்தப்பட்டு, ஏழு மாதம் மருந்திலும் குறையாத கால் வலிக்கு ஆபரேஷன் செய்வது உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட முடிவு. நெதர்லாந்தில் 283 நோயாளிகளை வைத்து நடந்து 2007-ல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. சீக்கிரம் ஆபரேஷன் செய்தவர்களுக்குக் கால் வலி வேகமாகக் குறைந்தது. காத்திருந்தவர்களுக்கு மெதுவாகக் குறைந்தது. வருட முடிவில் இரண்டு குழுவும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தன. அதனால் செய்ததும் தவறில்லை, ஏழு மாதம் பொறுத்ததும் தவறில்லை. முதுகெலும்பு ஆபரேஷனுக்குப் பிறகும் ஏதோ ஒரு அளவில் வலி தொடர்கிறவர்கள் 10 முதல் 40 சதவீதம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. எந்த வகை ஆபரேஷன் என்பதைப் பொறுத்து இது மாறும். எந்தக் குறைந்த கணக்கை எடுத்துக்கொண்டாலும் நீங்கள் தனி ஆள் இல்லை. ஆபரேஷனுக்கு முன் இதை உட்கார்ந்து எடுத்துச் சொல்லும் வழக்கம் நம் ஊரில் குறைவாக இருக்கிறது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது. கால் வலி குறையும், ஆனால் மரத்துப்போன உணர்வு திரும்ப மாதங்கள் ஆகலாம், சிலருக்கு முழுதாகத் திரும்பாது என்று முன்பே ஒருவர் சொல்லியிருந்தால், இந்த ஒன்றரை வருடத்தை நீங்கள் இவ்வளவு பயத்தோடு கழித்திருக்க மாட்டீர்கள்.

இப்போது ஸ்குரூ விஷயம். இதில் அவசரப்பட வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்கிறேன்.

எலும்புகளை ஸ்குரூவும் கம்பியும் வைத்து இணைக்கும் ஆபரேஷனுக்குத் தெளிவான காரணங்கள் உண்டு. ஒரு எலும்பு இன்னொன்றின் மேல் வழுக்கி நகர்வது, குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கும் எக்ஸ்ரேயில் அந்த நகர்வு தெரிவது, நரம்பு வெளியேறும் துவாரம் இறுகி நரம்பைத் திரும்பவும் நெருக்குவது, இப்படி. உங்கள் ஸ்கேனில் நரம்பில் அழுத்தம் இல்லை என்று எழுதியிருக்கிறது. எல்4-எல்5-ல் லேசான பிதுக்கம் என்பதைக் காட்டித்தான் ஸ்குரூ பேச்சு வந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். 2015-ல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வில், முதுகு வலியே இல்லாத ஐம்பது வயதுக்காரர்களை ஸ்கேன் செய்தால் சுமார் 60 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் தெரிகிறது என்று கணக்கிட்டார்கள். உங்கள் வயதில் அது நரைமுடி மாதிரி சகஜம். அதோடு, எல்4-எல்5 டிஸ்க் வழக்கமாகத் தொந்தரவு செய்வது எல்5 நரம்பை. அப்படியானால் வலி பாதத்தின் மேற்புறத்திலும் கட்டைவிரலிலும் வரவேண்டும். உங்களுக்கு எரிவது சுண்டுவிரல் பக்கம். ஸ்கேன் ஒரு இடத்தைக் காட்டுகிறது, கால் வேறொரு இடத்தைச் சொல்கிறது. இரண்டும் பொருந்தாதபோது ஆபரேஷன் செய்தால் ஏமாற்றம்தான் கிடைக்கும். ஒவ்வொரு மறு ஆபரேஷனிலும் பலன் கிடைக்கும் வாய்ப்பு முந்தையதைவிடக் குறைகிறது, தழும்பு கூடுகிறது. தழும்பை எடுப்பதற்காகவே ஆபரேஷன் செய்தால் அந்த இடத்தில் திரும்பவும் தழும்புதான் வரும். தழும்பு என்ற சொல்லைப் பார்த்தும் பயப்படாதீர்கள். ஆபரேஷன் ஆன எல்லோருக்கும் கொஞ்சம் தழும்பு இருக்கும், வலி இல்லாதவர்களுக்கும் சேர்த்து.

ஒன்றை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். இரண்டாவது எம்.ஆர்.ஐ. கையில் மருந்து ஏற்றி எடுத்ததா, ஏற்றாமல் எடுத்ததா என்று ரிப்போர்ட்டில் பாருங்கள். அதே டிஸ்க் திரும்பவும் பிதுங்கியிருக்கிறதா, வெறும் தழும்பா என்று பிரித்துச் சொல்ல கடோலினியம் என்ற மருந்து ஏற்றிய ஸ்கேன்தான் உதவும். தழும்பு அந்த மருந்தை உறிஞ்சிப் பளிச்சென்று தெரியும். புதிதாகப் பிதுங்கிய டிஸ்க் அப்படித் தெரியாது. மருந்து ஏற்றாமல் எடுத்திருந்தால், கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துவிட்டு ஒருமுறை எடுக்கலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். அதிலும் அழுத்தம் இல்லை என்றால் ஸ்குரூ பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். அழுத்தம் இருக்கிறது என்று வந்தால் அது வேறு கதை. அப்போது முதலில் ஆபரேஷன் செய்தவரையும் இன்னொரு முதுகெலும்பு நிபுணரையும் பார்த்து முடிவெடுங்கள்.

சுகரையும் விட்டுவிட முடியாது. சுகரால் வரும் நரம்பு பாதிப்பு பெரும்பாலும் இரண்டு காலிலும், விரல் நுனியிலிருந்து காலுறை போடும் அளவுக்குப் பரவி வரும். உங்களுக்கு ஒரே காலில், ஒரே ஓரத்தில் இருப்பதால் முக்கியக் காரணம் முதுகு நரம்புதான் என்று நம்புகிறேன். ஆனால் சுகர் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் காயப்பட்ட நரம்பு ஆறுவது தாமதமாகும். மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பார்த்து எவ்வளவு நாளாயிற்று? அத்துடன் பி12 அளவையும் பாருங்கள். வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவது தெரிந்த விஷயம், அது குறைந்தாலும் பாதம் எரியும், மரக்கும். குறைவாக இருந்தால் அதற்குரிய ஊசியோ மாத்திரையோ போட்டால் போதும். குறைவே இல்லாதவர்களுக்கு நரம்புச் சத்து மாத்திரை என்று மாதக்கணக்கில் எழுதிக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

மெடிக்கலில் வாங்கும் வலி மாத்திரையை முதலில் நிறுத்துங்கள். டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் போன்றவை அழற்சியைக் குறைத்து வலியைக் குறைப்பவை. மூட்டு வீங்கினால், சதை பிடித்தால் கேட்கும். காயப்பட்ட நரம்பு தானாக அனுப்பும் சமிக்ஞையில் அவற்றுக்கு வேலையே இல்லை. பத்து வருட சுகர்க்காரர் நீங்கள். சிறுநீரகத்துக்கு அவை செய்யும் கெடுதல்தான் மிஞ்சும். டிரமடால் என்ற வலுவான வலி மாத்திரையைக் கேட்டு வாங்கவும் வேண்டாம். 2018-லிருந்து அது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. அதோடு கீழே நான் சொல்லும் சில மருந்துகளுடன் சேர்ந்தால் ஆபத்து.

ப்ரிகாபலினைப் பற்றி நேர்மையாகப் பேச வேண்டும். இந்த வகை மருந்தை வலி வந்த நாளில் மட்டும் போட்டால் பலனே தெரியாது, பக்கவிளைவு மட்டும் தெரியும். நீங்கள் அனுபவித்ததும் அதுதான். தொடர்ந்து சாப்பிடும்போது முதல் ஒன்றிரண்டு வாரத்தில் தூக்கக் கலக்கம் பலருக்குக் குறைந்துவிடுகிறது. படுக்கும் நேரத்தில் போடாமல் இரண்டு மணி நேரம் முன்னதாக, இரவுச் சாப்பாட்டோடு போட்டால் காலை மந்தமும் குறையும். இன்னும் சிறிய அளவிலிருந்து தொடங்க முடியுமா என்றும் டாக்டரிடம் கேட்கலாம். கால் வீக்கமும் எடை கூடுதலும் வருகிறதா என்று கவனியுங்கள். சுகர் இருக்கும் உங்களுக்கு எடை கூடுவது சின்ன விஷயம் இல்லை. சிறுநீரகம் சற்றுப் பலவீனமாக இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். அதனால்தான் கிரியாட்டினினை மறுபடி மறுபடி சொல்கிறேன்.

சரி, முறையாகச் சாப்பிட்டால் நிச்சயம் கேட்குமா? நிச்சயம் என்று சொல்ல மாட்டேன். சுகர் நரம்பு வலிக்கும் அக்கி வந்து போன பிறகு நிற்கும் வலிக்கும் ப்ரிகாபலின் உதவுகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் வலிக்கு ஆதாரம் அவ்வளவு பலமாக இல்லை. ஆஸ்திரேலியாவில் 209 பேரை வைத்து நடந்து 2017-ல் வெளிவந்த ஆய்வில், அப்படிப்பட்ட கால் வலிக்கு ப்ரிகாபலினும் வெற்று மாத்திரையும் ஒரே பலனைத்தான் தந்தன. ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் பெரும்பாலும் புதிதாக வலி வந்தவர்கள். மரத்து, எரிந்து, தொட்டால் தாங்காத உங்களைப் போன்ற நாள்பட்ட நரம்பு வலியை அதோடு அப்படியே ஒப்பிட முடியாது. ஆகவே நான் செய்வது இதுதான்: நான்கு முதல் எட்டு வாரம், தாங்கக்கூடிய அளவில், ஒரு நாளும் விடாமல் சாப்பிடச் சொல்வேன். அதற்குள் வலியில் மூன்றில் ஒரு பங்காவது குறைந்து, தூக்கமும் நடையும் தேறினால் தொடரலாம். இல்லையென்றால் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட்டு வேறு மருந்துக்குப் போகவேண்டும். பலன் தராத மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்குவதில் அர்த்தமில்லை. திடீரென்று மட்டும் நிறுத்தக் கூடாது.

வேறு மருந்து என்றால் இரண்டு இருக்கின்றன. ஒன்று அமிட்ரிப்டிலின், இரவில் 10 மில்லிகிராமில் தொடங்குவது. பழைய மருந்து, விலை மலிவு, தூக்கமும் வரவைக்கும். வாய் உலரும், மலச்சிக்கல் வரும். இதயக் கோளாறு இருந்தால் முதலில் ஈ.சி.ஜி. பார்க்க வேண்டும். இன்னொன்று டுலோக்செடின், 30-ல் தொடங்கி 60 வரை. சுகர் நரம்பு வலிக்கும் இது முதல் வரிசை மருந்து என்பதால் உங்கள் விஷயத்தில் எனக்கு இதன் மீது சாய்வு அதிகம். மருந்துக் கடையில் கேட்டால் "இது மன அழுத்தத்துக்குக் கொடுப்பது" என்பார்கள். அதைக் கேட்டு, டாக்டரும் என்னை மனநோயாளி என்று முடிவு செய்துவிட்டாரோ என்று நினைக்காதீர்கள். மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வலியை அடக்கும் இயற்கையான பாதை ஒன்று உடம்பில் இருக்கிறது. இந்த இரு மருந்துகளும் அந்தப் பாதைக்கு வலு சேர்க்கின்றன. மன அழுத்தமே இல்லாதவர்களுக்கும் நரம்பு வலியில் வேலை செய்கின்றன. எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்களை நேரில் பார்க்கும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். இந்தக் கடிதத்தைப் பார்த்து நீங்களே வாங்கிவிடாதீர்கள்.

மருந்துக்கு வெளியே, பாதத்துக்கு நீங்களே செய்யக்கூடிய ஒரு பயிற்சி இருக்கிறது. செலவில்லை, ஆனால் பொறுமை வேண்டும். முதலில் நல்லாயிருக்கும் இடது பாதத்தின் வெளி ஓரத்தைப் பஞ்சால் மெதுவாகத் தடவுங்கள், அந்த உணர்வைக் கவனியுங்கள். பிறகு அதே பஞ்சால், அதே அழுத்தத்தில் வலது பாதத்தை, எரிச்சல் இல்லாத இடத்தில் தொடங்கி எரியும் ஓரத்துக்கு வந்து தடவுங்கள். இரண்டு நிமிடம் போதும், ஒரு நாளைக்கு நான்கைந்து முறை. பஞ்சு பழகியதும் மெல்லிய பருத்தித் துணி, அப்புறம் துண்டு. தாங்க முடியாத அளவுக்குப் போகக் கூடாது; கொஞ்சம் அசௌகரியமாக இருக்கும் அளவு சரி. இது ஆபத்தில்லாத தொடுதல் என்று தண்டுவடத்துக்கும் மூளைக்கும் திரும்பக் கற்றுக்கொடுக்கிறோம். சில வாரங்கள் எடுக்கும். இரவில் போர்வை பாதத்தில் படாமல் இருக்க, கால் பக்கம் ஒரு சிறிய ஸ்டூலையோ அட்டைப் பெட்டியையோ வைத்து அதன் மேல் போர்வையைப் போடுங்கள். தூக்கம் கெடுவது வலியை நேரடியாகக் கூட்டும் என்பதால் இந்தச் சின்ன ஏற்பாடே பலருக்குப் பெரிய உதவி.

ஒரு எச்சரிக்கை. எரிச்சலுக்கு சுடுதண்ணீர் ஒத்தடம், சுடுமணல், ஹீட்டிங் பேட் எதையும் அந்தப் பாதத்தில் வைக்காதீர்கள். மரத்த பாதம், சுகர் வேறு. சூடு தெரியாமல் கொப்பளித்து, புண்ணாகி, ஆறாமல் நின்றால் வலியைவிடப் பெரிய பிரச்சினை ஆகும். வெறுங்காலோடு நடக்காதீர்கள், தினமும் இரவு பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். இடுப்பைத் திருகி எடுக்கிறேன், நரம்பைத் தட்டி எடுக்கிறேன் என்று சொல்பவர்களிடமும் போக வேண்டாம்.

நடையைப் பற்றி: வலி இல்லாத நாளில் எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்துவிட்டு, அடுத்த மூன்று நாள் படுத்துக் கிடப்பது இந்த நோய் உள்ளவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் பழக்கம். பெண்களிடம் இன்னும் அதிகம், ஏனென்றால் வீட்டு வேலை காத்திருக்காது. வலி இருக்கிறதோ இல்லையோ, தினமும் ஒரே அளவு நடங்கள். இப்போது வலி கூடாமல் பத்து நிமிடம் நடக்க முடிகிறது என்றால், ஏழெட்டு நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு ஓரிரு நிமிடம் கூட்டுங்கள். எரிச்சல் கொஞ்சம் கூடினால் முதுகில் ஏதோ பிய்ந்துவிட்டது என்று பொருள் இல்லை. ஒன்றரை வருடத்தில் ஆபரேஷன் செய்த இடம் ஆறிவிட்டது, நடந்தால் உடையாது. பெல்ட்டை விட்டுவிடலாம். அடிவயிறு, முதுகு, பிட்டத் தசைகளுக்கான பயிற்சியை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். வெறும் கரண்ட் வைத்து அனுப்புகிற இடமாக இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

இவ்வளவும் செய்து மூன்று நான்கு மாதத்தில் முன்னேற்றம் இல்லை என்றால் வலி சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் இல்லை, சில அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மயக்க மருந்துத் துறையினர் இதை நடத்துகிறார்கள். அந்தத் துறையில் போய் விசாரியுங்கள். அங்கே முதலில் பேசப்படுவது எஸ்1 நரம்பு வேரின் அருகே, எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே போடும் ஸ்டீராய்டு ஊசியாக இருக்கும். சிலருக்கு வாரக்கணக்கில், சிலருக்குச் சில மாதம் நிவாரணம் தரும். நிரந்தரத் தீர்வு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஊசிக்குப் பிறகு சில நாள் சுகர் ஏறும், அதற்கு முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

தண்டுவடத் தூண்டுகருவி என்று ஒன்றையும் கேள்விப்படுவீர்கள். தண்டுவடத்துக்குப் பின்னால் மெல்லிய கம்பியை வைத்து மென்மையான மின் துடிப்பை அனுப்புவது. தொடு உணர்வு வலி உணர்வை வழியில் மறிக்க முடியும் என்று மெல்சாக், வால் என்ற இரு விஞ்ஞானிகள் 1965-ல் சொன்ன கருத்திலிருந்து பிறந்தது. 1967-ல் அமெரிக்காவில் நார்மன் ஷீலி முதன்முதலில் பொருத்தினார். முதுகு ஆபரேஷனுக்குப் பின் கால் வலி நிற்காத 100 பேரிடம் செய்து 2007-ல் வெளியான ஆய்வில், ஆறு மாதத்தில் வலி பாதியாவது குறைந்தவர்கள் கருவி வைத்தவர்களில் 48 சதவீதம், வைக்காதவர்களில் 9 சதவீதம். ஆனால் 2022-ல் நார்வேயில் 50 பேரிடம், கருவி ஓடுகிறதா நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று நோயாளிக்கே தெரியாமல் ஒப்பிட்டபோது வித்தியாசம் தெரியவில்லை. ஒருவகைத் துடிப்பை மட்டும் சோதித்த ஆய்வு அது என்றாலும் ஒதுக்கிவிட முடியாது. செலவு பல லட்சம். அதனால் உங்களுக்கு இப்போது இதை நான் சொல்லவில்லை. பிற்பாடு யாராவது சொன்னால், நிரந்தரமாக வைக்கும் முன் ஒரு வாரம்போலத் தற்காலிகமாக வைத்துப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். நகையை அடகு வைத்து நேராக நிரந்தரக் கருவிக்குப் போய்விடாதீர்கள்.

எதற்கும் காத்திருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய அறிகுறிகள் சில உண்டு: சிறுநீர் முட்டியும் வராமல் போவது, அல்லது தெரியாமலே கழிந்துவிடுவது, மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது, ஆசனவாயைச் சுற்றியும் தொடை இடுக்கிலும் மரத்துப்போவது, இரண்டு காலும் பலவீனமாவது, பாதம் தூக்க முடியாமல் தொங்குவது. இதில் எதுவும் அன்றே பார்க்க வேண்டியது, மறுநாள் என்று தள்ளக் கூடாது. காய்ச்சலோடு முதுகு வலி வந்தாலும், காரணமில்லாமல் எடை குறைந்தாலும் உடனே காட்டுங்கள்.

"வெறுத்துப்போகிறது" என்று எழுதியிருந்தீர்கள். ஒன்றரை வருடம் தூங்காமல், யாரும் நம்பாமல் வலியோடு இருப்பவருக்கு அப்படித் தோன்றுவதில் ஆச்சரியம் இல்லை. அந்த எண்ணம், உயிரோடு இருக்க வேண்டாம் என்கிற அளவுக்கு எப்போதாவது போனால், அந்த நேரமே 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை அது. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். உங்கள் டாக்டரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கடைசியாக வேலை. வலி முழுதாகப் போகும் வரை காத்திருந்து வேலைக்குப் போகலாம் என்று நினைக்காதீர்கள், அந்த நாள் வராமலே போகலாம். பாதி வலியோடும் வேலை செய்ய முடியும் என்பதைத்தான் நாம் குறிவைக்க வேண்டும். பவர் மிஷினின் பெடலை முன்பாதத்தால் அழுத்துவதற்கு எஸ்1 நரம்பு இயக்கும் கெண்டைக்கால் தசைதான் வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு வலது காலில் மட்டும் நின்று குதிகாலைத் தூக்கிப் பாருங்கள். இடது காலில் முடிவதுபோலப் பத்துத் தடவை முடிந்தால் தசை நன்றாக இருக்கிறது. முடியாவிட்டால் பிசியோதெரபிஸ்டிடம் அதற்கென்றே பயிற்சி கேளுங்கள். முதலில் செக்கிங், டிரிம்மிங், பேக்கிங் போன்ற வேலைக்கு, அதுவும் அரை நாளுக்குக் கேட்டுப் பாருங்கள், அப்புறம் மிஷின். மருந்தால் கலக்கமாக இருக்கும் நாட்களில் மிஷினில் உட்காராதீர்கள், ஊசி விரலில் ஏறிவிடும். முட்டியும் இடுப்பும் ஒரே மட்டத்தில் இருக்கிற மாதிரி ஸ்டூல் உயரத்தைச் சரிசெய்து, அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள். பீஸ் ரேட்டில் அது நஷ்டம்தான், தெரிகிறது. ஆனாலும் எழுந்திருங்கள். ஒன்றரை ஷிப்ட் கூப்பிட்டால் இந்த வருடம் மறுத்துவிடுங்கள். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்ததா என்றும் பாருங்கள். தகுதி இருந்தால் மருத்துவ விடுப்புக்கு வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும், சிகிச்சையும் அங்கேயே பெறலாம்.

பி12, எச்.பி.ஏ.1.சி., கிரியாட்டினின் மூன்றையும் எடுத்துவிட்டு, பழைய ஸ்கேன் படங்களோடும் ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரியோடும் டாக்டரைப் பாருங்கள். முடிவுகள் வந்ததும் எனக்கும் எழுதுங்கள். ப்ரிகாபலினைத் தொடர்வதா, டுலோக்செடினுக்கு மாறுவதா என்று உங்கள் டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை அவற்றைப் பார்த்துச் சொல்கிறேன்.